17 வயதுப் பிள்ளையின் நாடியில் முடி வளர்கிறது, என்ன செய்வது?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக நாடியிலும் காதோரத்திலும் முடி கறுத்துத் தடித்து வளர்கிறது, தொப்புளுக்குக் கீழேயும் ஒரு கோடு மாதிரி இருக்கிறது. பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால்தான். வகுப்பில் யாரோ பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே அழுகை. "ஆம்பிளை ஓமோன் கூடிட்டுது, இனிப் பிள்ளை பிறக்காது" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். சவரம் செய்தால் தாடியே வந்துவிடும் என்று இன்னொருவர். முடியும் போய் முகமும் வெள்ளையாகும் என்று கடையில் ஒரு கிரீமைக் கொடுத்திருக்கிறார்கள். "இது வருத்தமா, ஆரிட்டக் காட்டுறது, அந்தக் கிரீமைப் பூசலாமா" என்று கேட்கிறார்.

அக்கா, நான் வைத்தியர். 15 வருடத்துக்கு மேலாக வன்னி ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறேன், அதில் பெரும்பகுதி பெண் நோயியல் கிளினிக்கில். பிள்ளையை நேரில் பார்க்காமல் இன்ன வருத்தம் என்று முடிவு சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் கண் நின்ற இடம் நாடி இல்லை, அந்த இரண்டு மூன்று மாத இடைவெளி. முடியைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருக்கிறீர்கள், மாதவிலக்கைப் பற்றி ஒரே ஒரு வரி. கிளினிக்குக்கு வருகிற எல்லாத் தாய்மாரும் இப்படித்தான். ஊர் பார்ப்பது முகத்தை, அதனால் கவலையும் முகத்தோடு நின்றுவிடுகிறது.

கிரீமைப் பூசவேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு வருகிறது.

போன பங்குனியில் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெளியே நிற்க முடியாத வெயில். அந்தப் பிள்ளை ஷோலைக் கழுத்திலிருந்து வாய்வரை சுற்றிக்கொண்டு இருந்தாள். "வயித்துக்குத்து" என்றார் தாய். தாயைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஷோலை இறக்கச் சொன்னேன். நாடி முழுக்கச் சிவந்த புள்ளிகள். சில காய்ந்து கறுத்திருந்தன, ஒன்றில் சீழ். விடிய நாலரைக்கு எழும்பி, தங்கச்சி கண் முழிக்க முதல், குசினி லைட்டுக்குக் கீழே சின்னக் கண்ணாடியை வைத்துச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாளாம். ஒரு வருடமாக. தாய்க்கு அதுவும் தெரியாது, மூன்று மாதம் பீரியட்ஸ் வராததும் தெரியாது. உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது பெரிய காரியம் அக்கா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்களைத் தவிர்த்தால் மனித உடம்பு முழுக்க முடிக்குழிகள்தான், மொத்தம் ஏறத்தாழ 50 இலட்சம். தாயின் வயிற்றிலேயே எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் நாடியிலும் என் நாடியிலும் ஆண்களுக்கு இருக்கும் அளவுக்கு முடிக்குழிகள் இருக்கின்றன, நம்முடையதில் நாங்கள் பூனைமயிர் என்று சொல்லுகிற மெல்லிய, நிறமில்லாத முடி வருகிறது, அவ்வளவுதான். அன்ட்ரோஜன் என்ற ஓமோன் கூட்டம் சில இடங்களில் அந்தப் பூனைமயிரைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றிவிடும்.

அந்த அன்ட்ரோஜனைத்தான் ஊரில் "ஆம்பிளை ஓமோன்" என்கிறார்கள். அந்தப் பெயர் பிள்ளைகளைப் பயப்படுத்துகிறது. எல்லாப் பெண்களுக்கும் சூலகத்திலும், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அதிரீனல் சுரப்பியிலும் அது சிறிதளவு சுரக்கிறது. சாமத்தியப்படுகிற காலத்தில் கக்கத்தில் முடி வருவது அதனால்தான். உங்கள் மகளுக்கு அது கொஞ்சம் கூடியிருக்கலாம். சில பெண்களுக்கு இரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும், ஆனால் முடிக்குழி அந்த ஓமோனுக்கு மிஞ்சிய கூர்மையோடு பதில் சொல்லும். அவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரும், எந்தக் காரணமும் அகப்படாது. இரண்டில் எதுவானாலும் பிள்ளை ஆணாக மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. இதை அவளிடம் இன்றிரவே சொல்லுங்கள். அவளாக உங்களிடம் கேட்கமாட்டாள், ஆனால் அந்தப் பயம் உள்ளே இருக்கும்.

உடம்பில் முடி கூடுவதை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஆண்களுக்கு வளர்கிற இடங்களில், அதாவது மேலுதடு, நாடி, நெஞ்சு, அடிவயிறு, முதுகு, தொடை என்று பெண்ணுக்கு வளர்ந்தால் அது ஹிர்சுட்டிசம். இதற்கும் அன்ட்ரோஜனுக்கும் தொடர்பு உண்டு. ஆண் பெண் என்றில்லாமல் எந்த இடத்திலும் அளவுக்கு மிஞ்சி வளர்வது ஹைப்பர்ட்ரைக்கோசிஸ். இது பிறவியிலோ மருந்தாலோ வேறு வருத்தத்தாலோ வருவது, அன்ட்ரோஜனோடு தொடர்பில்லை. கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மட்டும் முடி கூட இருந்தால் இரண்டும் இல்லை, பெரும்பாலும் அப்பம்மாவிடமிருந்தோ அம்மம்மாவிடமிருந்தோ வந்த சொத்து. எங்கள் பகுதிப் பெண்களுக்கு வடஐரோப்பியப் பெண்களைவிட முடி இயல்பாகவே கூட.

எவ்வளவு கூடினால் கூடியது என்று சொல்ல ஓர் அளவுகோல் உண்டு. 1961இல் பெரிமன், கோல்வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொடங்கி வைத்தது, பிறகு திருத்தினார்கள். ஒன்பது இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 4 வரை புள்ளி போடுவோம், முழுப்புள்ளி 36. பொதுவாக 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஹிர்சுட்டிசம், இனத்துக்கு இனம் அந்த எல்லை கொஞ்சம் மாறும். நான் இந்தப் புள்ளிக்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. 6 புள்ளியோடு சாகலாம் போல இருக்கிறது என்று அழுத பிள்ளையும் வந்திருக்கிறாள், 15 புள்ளியோடு "அது கிடக்கட்டும் டொக்டர், காய்ச்சலுக்குத்தான் வந்தனான்" என்ற அம்மாவும் வந்திருக்கிறார்.

உங்கள் பிள்ளையின் கதைக்கு மிக நெருக்கமாக வருவது பி.சி.ஓ.எஸ். என்று நீங்களும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, விரித்தால் பொலிசிஸ்ரிக் ஓவரி சின்ட்ரோம், அதாவது சூலகத்தில் பல நீர்க்கட்டிகள் என்று பொருள்படும் பெயர். ஹிர்சுட்டிசத்தோடு வருகிற பெண்களில் நான்கில் மூன்று பேருக்குக் காரணம் இதுதான். 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களை வைத்து எழுதிய கட்டுரையோடு இது வைத்திய உலகில் அறியப்பட்டது. இன்றைக்குப் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இருக்கிறது. அவர்களில் 70 வீதம் வரையானோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகளின் வகுப்பில் முப்பது பெண்பிள்ளைகள் இருந்தால் அவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதீர்கள்.

இதன் பெயர்தான் பாதிப் பிரச்சினை. ஸ்கான் எடுத்து வந்து "சூலகத்தில நிறையக் கட்டியாம்" என்று நடுங்குகிற தாய்மார் எத்தனையோ பேர். அவை கட்டிகள் இல்லை. மாதாமாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியேறவேண்டும். ஓமோன் சமநிலை குழம்பியதால் முதிராமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப்பைகள்தான் ஸ்கானில் மணிகோத்த மாதிரித் தெரிகின்றன. வெட்டி எடுக்க அங்கே ஒன்றுமில்லை. முட்டை வெளியேறாததால் மாதவிலக்கு பிந்துகிறது. பல பெண்களுக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசையாது, அதை ஈடுகட்ட உடம்பு இன்சுலினைக் கூடச் சுரக்கும், கூடிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி அன்ட்ரோஜனைக் கூட்டும். பிள்ளையின் பின்கழுத்தையும் கக்கத்தையும் பாருங்கள். உரஞ்சிக் குளித்தாலும் போகாமல் வெல்வெட் துணி போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது ஊத்தை இல்லை, இன்சுலின் சொல்லுகிற சேதி. அந்தக் கழுத்தைத் தும்பால் தேய்த்துப் புண்ணாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளின் வயதில் இதை உறுதி செய்ய ஸ்கான் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மாதவிலக்கு வந்து எட்டு வருடம் வரை நல்ல சுகமான பிள்ளைக்கும் சூலகம் அப்படித் தெரியலாம். அந்த வயதில் இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும்: ஒழுங்கில்லாத மாதவிலக்கும், அன்ட்ரோஜன் கூடியதற்கான அடையாளமும். பெரியபிள்ளையாகி முதல் வருடம் எப்படி வந்தாலும் பரவாயில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகும் 35 நாளுக்கு மேல் இடைவெளி போனால் அது ஒழுங்கில்லை. ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டினாலும் காட்டவேண்டும். மாதவிலக்கு வராமல் இருப்பது வசதி என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கருப்பையின் உட்சுவர் கழியாமல் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை, வருடக்கணக்கில் விட்டால் அது பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. வருடத்துக்கு நாலு தடவையாவது அது கழியவேண்டும், தானாக வராவிட்டால் மருந்து கொடுத்து வரவைப்போம்.

பி.சி.ஓ.எஸ். என்று எண்ணிக்கொண்டு மற்றவற்றைத் தவறவிடக்கூடாது. தைரொயிட், பால் சுரப்போடு தொடர்பான புரோலக்ரின் என்ற ஓமோன், இரண்டையும் இரத்தத்தில் பார்ப்பார்கள். அதிரீனல் சுரப்பியில் பிறவியிலிருந்தே ஒரு நொதியம் குறைவாக இருக்கும் வருத்தம் ஒன்று இதே முகத்தோடு வரும், அதற்குக் காலையில் எடுக்கிற ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. உடம்பு வைத்து, முகம் வட்டமாகி, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கீறல்கள் வந்தால் கோட்டிசோல் என்ற ஓமோன் மிஞ்சுவதால் வருகிற குஷிங் என்ற வருத்தத்தை நினைக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் இங்கே பரிசோதனை இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் அவசரம் என்று சொல்லுவேன். பல வருடத்துக்கு முன் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். கோயிலில் தேவாரம் பாடுகிறவர். ஐந்து மாதத்துக்குள் குரல் தடித்துவிட்டது, உச்சி ஏறவில்லை. தொண்டைக்கு மருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதே ஐந்து மாதத்தில் நாடியில் முடி, நெற்றியின் இரு பக்கமும் தலைமயிர் ஏறிவிட்டது. முடியைச் சொல்ல வெட்கப்பட்டுத் தொண்டையை மட்டும் சொல்லிக்கொண்டு மூன்று இடம் போயிருக்கிறார். சூலகத்தில் அன்ட்ரோஜன் சுரக்கிற ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சை செய்தார்கள், சுகமாக இருக்கிறார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. முடி சில மாதங்களுக்குள் வேகமாகக் கூடினால், குரல் தடித்தால், ஆண்களைப் போல வழுக்கை விழுந்தால், பெண்குறியின் முனை பெருத்தால், எந்த வயதிலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே போகவேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்றரை வருடமாக மெல்ல வருகிறது என்பது எனக்கு ஆறுதல். ஆனாலும் குரலில் மாற்றம் உண்டா என்று கவனியுங்கள்.

மருந்துகளால் வருவதை வன்னியில் இருக்கிற நாங்கள் தனியாகப் பேசவேண்டும். 2009க்குப் பிறகு தலையில் ஷெல் துண்டுக் காயத்தோடு வந்து வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்கள் இங்கே வீடு வீடாக இருக்கிறார்கள். பெனிற்ரோயின் என்ற குளிசையை நீண்ட காலம் எடுத்தால் கை கால் முகத்தில் முடி கூடலாம், முரசும் தடிக்கும். வல்ப்ரோவேற் எடுக்கிற பெண்களுக்கு மாதவிலக்குக் குழம்பி பி.சி.ஓ.எஸ். போலவே வரலாம், கர்ப்பம் தரித்தால் வயிற்றுப்பிள்ளைக்கும் அது ஆபத்தான மருந்து. யாராவது இதை வாசித்துவிட்டுக் குளிசையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் வரும், உயிரே போகலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் "இந்தக் குளிசைக்குப் பிறகு முடி வளருது" என்று சொல்லுங்கள், மாற்றுவதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் மகள் ஏதாவது மருந்து ஒழுங்காக எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இனி அந்தக் கிரீம். லேபிள் இல்லாத சின்ன டப்பாவில், "வெளிநாட்டுச் சாமான்" என்று வருகிற வெள்ளையாக்கும் கிரீம்களில் பலவற்றில் பீற்றாமெத்தசோன், குளோபீற்றசோல் போன்ற கடும் ஸ்டீரொயிட் கலந்திருக்கும், சிலவற்றில் பாதரசம். முதல் இரண்டு கிழமை முகம் மினுங்கும், அதுதான் பொறி. பிறகு தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டால் எரிந்து, பரு வந்து, கடைசியில் முகம் முழுக்க முடி வளரும். ஆம், முடியைப் போக்க வாங்கிய கிரீமே முடியை வளர்க்கும். நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்த ஒரு மணப்பெண், கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கத் தொடங்கியவள், பதிவுக்கு முதல் கிழமை இரு கன்னத்திலும் பூனைமயிர் கறுத்த முகத்தோடு என் முன்னால் இருந்தாள். ஸ்டீரொயிட்டால் வந்த முடி, கிரீமை விட்டபின் மாதக்கணக்கில் மெல்ல உதிர்ந்துபோகும், அந்த ஆறுதல் உண்டு. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். மருந்தென்று தெரியாமலே உடம்புக்குள் போவது பெரிய நாட்டிலும் நடந்திருக்கிறது: 2019இல் ஸ்பெயினில் வயிற்றெரிவு மருந்துக்குள் தவறுதலாக, முடி வளர்க்கும் மினொக்சிடில் கலந்துபோய், குடித்த குழந்தைகளுக்கு நெற்றி கன்னமெல்லாம் முடி வளர்ந்தது. மருந்தை நிறுத்தியதும் உதிர்ந்தது. கடையில் வாங்கிய டப்பாவை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்விக்கு வெளியே ஒரு சொல், இதை வாசிக்கிற இளம் தாய்மாருக்கு. பிறந்த குழந்தையின் முதுகின் அடியில், நடுவில், குஞ்சம் போல ஒரு முடிக்கற்றை இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அதற்குக் கீழே முள்ளந்தண்டு முழுதாக மூடாமல் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தோளிலும் நெற்றியிலும் இருக்கிற மெல்லிய முடி வேறு, அது சில கிழமையில் போய்விடும். கை முறிந்து பத்துப் போட்ட சிறுவனின் கையில், கட்டை அவிழ்த்தபின் முடி கூட இருப்பதும் தானாகவே போய்விடும்.

வைத்தியம் என்ன? இரண்டு வேலை ஒன்றாக நடக்கவேண்டும். உள்ளே ஓமோனைச் சரிப்படுத்துவது, வெளியே இருக்கிற முடியை எடுப்பது. தடித்துப்போன முடி மருந்தால் மறுபடி பூனைமயிராக அவ்வளவு எளிதில் மாறாது, மருந்து புதிதாகத் தடிப்பதைத்தான் தடுக்கும். முடிக்கும் ஒரு காலச்சுற்று உண்டு, ஆகவே எந்தக் குளிசையும் முகத்தில் தெரிய ஆறு மாதமாவது வேண்டும். இரண்டு மாதம் குடித்துவிட்டு "ஒன்றும் மாறேல்லை" என்று விட்டவர்கள்தான் என் கிளினிக்கில் அதிகம்.

அந்த ஆறு மாதமும் பிள்ளை முகத்தோடு பள்ளிக்கூடம் போகவேண்டுமே. அதனால் சவரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். சவரம் செய்தால் முடி தடிக்காது, கூடாது, வேகமாக வளராது. 1928இலேயே மில்ட்ரட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று ஆய்வாளர் ஆண்களைச் சவரம் செய்யவைத்து முடியை அளந்து பார்த்துவிட்டார், மாற்றமில்லை. முடியின் நுனி இயல்பில் கூராக இருக்கும், பிளேட் வெட்டிய இடம் மட்டமாக இருப்பதால் தடவும்போது குத்துகிறது, அந்தக் குத்தலைத்தான் தடிப்பு என்று நினைக்கிறோம். உயிருள்ள வேர் தோலுக்குக் கீழே இருக்கிறது, மேலே நடப்பது அதற்குத் தெரியாது. முகத்தைக் கழுவி, ஈரத்தோடு, தனக்கென்று வைத்திருக்கிற சுத்தமான ரேசரால், முடி வளருகிற பக்கமாகவே சவரம் செய்யலாம். சாமணத்தால் பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல், பிடுங்கிய இடங்களில்தான் சீழும் கறுப்புத் தழும்பும் வருகின்றன. எங்கள் தோலில் அந்தக் கறுப்புத் தழும்பு, முடியைவிட நீண்ட நாள் நிற்கும். நூலால் எடுக்கிற த்ரெட்டிங் மேலுதட்டுக்குச் சரி, பரு இருக்கிற நாடிக்குச் சரியில்லை. மஞ்சள் பூசிக் குளிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் ஓமோனால் தடித்த முடியை மஞ்சள் உதிர்க்காது. குப்பைமேனியை அரைத்துப் பூசி முகம் வீங்கி வந்தவர்கள் உண்டு.

லேசர் நன்றாக வேலை செய்யும், ஆனால் அது கறுப்பைத் தேடிச் சுடுகிற ஒளி. எங்கள் தோலே கறுப்பு, கருவி தவறினால் தோல் வெந்துவிடும். எங்கள் நிறத்துக்குப் பாதுகாப்பானது 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி.யாக் லேசர், அதையும் தோல் நிபுணரின் மேற்பார்வையில்தான். பல தடவை போகவேண்டும், செலவு கூட, ஓமோனைச் சரிப்படுத்தாமல் செய்தால் மறுபடி முளைக்கும். கழுத்து, தாடையோரத்தில் லேசருக்குப் பிறகு முடி கூடுவதும் சிலருக்கு நடக்கிறது, தெற்காசியப் பெண்களில் அது கொஞ்சம் கூட. 17 வயதுப் பிள்ளைக்கு இப்போது இதற்காகக் கடன்படவேண்டாம்.

குளிசைக்கு வருகிறேன். முதலில் கொடுப்பது பெரும்பாலும் கருத்தடைக் குளிசை. இதைச் சொன்னதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஒரு தாய் குளிசைக் காட்டை என் மேசையில் வைத்துவிட்டு, குரல் நடுங்க, "என்ர பிள்ளை குமர்ப்பிள்ளை டொக்டர், இதை ஏன் எழுதினனீங்கள்" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை, நான் முதலே விளங்கப்படுத்தியிருக்கவேண்டும். அந்தக் குளிசை சூலகம் அன்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கிறது, இரத்தத்தில் சுற்றுகிற அன்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கூட்டுகிறது, மாதவிலக்கை மாதாமாதம் வரவைக்கிறது. கருத்தடை அதன் இன்னொரு வேலை. குடிப்பதால் பிற்காலத்தில் பிள்ளை தங்காமல் போகாது. இரத்தம் உறைகிற குடும்ப வரலாறு, கண் மங்கி வருகிற ஒற்றைத் தலையிடி, உயர் இரத்த அழுத்தம் இருந்தால் சொல்லவேண்டும், அப்படியானவர்களுக்கு வேறு வழி பார்ப்போம். ஆறு மாதத்தில் போதாவிட்டால் அன்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலக்ரோன் என்ற குளிசையைச் சேர்ப்பார்கள், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்குத் தடுப்பு இல்லாமல் அதைக் கொடுப்பதில்லை. நீரிழிவுக்குக் கொடுக்கிற மெற்ஃபோமின் என்ற குளிசை இன்சுலினுக்கும் மாதவிலக்குக்கும் உதவும், முடிக்கு அவ்வளவாக இல்லை.

உடம்பு கூடியிருந்தால் இருக்கிற நிறையில் 5 இலிருந்து 10 வீதம் குறைந்தாலே மாதவிலக்குத் திரும்பும் பிள்ளைகள் பலர். 70 கிலோ என்றால் நாலு கிலோ குறையத் தொடங்கும்போதே பலன் தெரியலாம். பட்டினி போடவேண்டாம். சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பயறும் குளத்து மீனும் கூட்டுங்கள், ரியூஷனுக்குப் போகும்போது சோடாவையும் ரோல்ஸையும் நிற்பாட்டுங்கள், ஸ்கூட்டியை விட்டுச் சைக்கிளில் விடுங்கள். மெலிந்த பிள்ளைக்கும் பி.சி.ஓ.எஸ். வரும் என்பதால், "திண்டு திண்டுதான் உனக்கு இது" என்று யாரும் அவளிடம் சொல்ல இடங்கொடாதீர்கள். சீனிப் பரிசோதனை ஒன்று கட்டாயம் செய்யவேண்டும், இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு இள வயதிலேயே நீரிழிவு வர வாய்ப்புக் கூட.

"இனிப் பிள்ளை பிறக்காது" என்று சொன்னவருக்கு என் பதில்: பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாய்மார் ஆகிறார்கள், பலருக்கு மருந்தே தேவைப்படாது. தேவைப்பட்டால் முட்டையை முதிரவைக்கும் லெற்ரோசோல் போன்ற குளிசைகள் இருக்கின்றன. என் கிளினிக்கில் நாடியை மூடிக்கொண்டு இருந்த ஒருத்தி, இப்போது இரண்டாவது பிள்ளையின் தடுப்பூசிக் காட்டோடு வந்து போகிறாள்.

பட்டப்பெயர் விஷயத்தை "கவனிக்காதை" என்று விடவேண்டாம். இப்படி முடி வளர்ந்தவர்களை உலகம் காட்சிப்பொருளாக்கிய வரலாறு உண்டு. மெக்சிகோவில் பிறந்த ஜூலியா பஸ்ரானா என்ற பெண்ணை உடம்பு முழுக்க முடி இருந்ததற்காக ஊர் ஊராகக் காட்டினார்கள், 1860இல் இறந்தபின் உடலைப் பதப்படுத்தியும் காட்டினார்கள். சொந்த மண்ணில் அவர் அடக்கம் செய்யப்பட்டது 2013இல். பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர் சின்ன விளையாட்டு என்று ஆசிரியர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வகுப்பாசிரியை ஒரு பெண் என்றால் தனியாகப் போய்ச் சந்தித்து, இது ஓமோன் சம்பந்தமான வருத்தம், மருந்து எடுக்கப் போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். இந்த வருத்தத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் கூட வரும். பிள்ளை நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல், ஒதுங்கியே இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து ஒரே றோட்டில் ஒரு பக்கம் மாங்குளம் ஆதார வைத்தியசாலை, மற்றப் பக்கம் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை. ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவில் காட்டிப் பெண் நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். எந்த நாளில் எங்கே கிளினிக் என்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். ஓ.பி.டி. வரிசையில் பத்துப் பேர் கேட்க "முகத்தில முடி" என்று சொல்லப் பிள்ளை கூச்சப்பட்டால், "பீரியட்ஸ் மூண்டு மாசமா வரேல்லை" என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை உள்ளே சொல்லலாம். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து முடியை எடுக்காமல் விடுங்கள், நாங்கள் பார்க்கவேண்டும். அன்று ஷோலைப் போட்டுக்கொண்டு வரட்டும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கொப்பித்தாளில் கடைசி ஆறு மாதம் மாதவிலக்கு வந்த திகதிகள், எந்த வயதில் பெரியபிள்ளையானாள், குடும்பத்தில் யாருக்குச் சீனி வருத்தம், எடுக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் அவளையே எழுதச் சொல்லுங்கள். திகதி நினைவில்லை என்றால் பரவாயில்லை, இந்த மாதத்திலிருந்து குசினிச் சுவரில் தொங்குகிற கலண்டரில் ஒரு புள்ளி போடத் தொடங்கட்டும்.